பழைய போர்டுலயே புது ப்ராசஸர்: கேமுக்கும் லைவுக்கும் எது போதும்

தம்பி, நீ கேட்டத மத்தவங்களுக்கும் புரியற மாதிரி ஒருக்கா சொல்லிடறேன். சேலம் அம்மாபேட்டைல வீடு, கீழ தறி ஓடுது, மாடில உன் ரூம். ப்ராசஸர் ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ரெண்டு, கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 550 வாட் பவர் சப்ளை. வாலரண்ட்டும் ஜிடிஏ ரோல்பிளேயும் யூட்யூப்ல 1080பி 60-ல லைவ் போடற. லைவ் இல்லாதப்ப நல்லா ஓடற கேம் லைவ் ஆன் பண்ண ஒடனே பாதியா எறங்கிடுது, பாக்கறவங்களும் கட்டாகுது கட்டாகுதுன்னு சாட்ல போடறாங்க. கடைல கேட்டா போர்டு ராம் ப்ராசஸர் மூணையும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. ரைசன்லயே 5600 போதுமா, 5700எக்ஸ் போலாமா, இல்ல மொத்தமா புது சாக்கெட் ஏஎம்5-க்கே போயிடலாமான்னு கேக்கற.

போர்ட மாத்தாத. 5600 உனக்கு போதும். ஆனா அதை வாங்கறதுக்கு முன்னாடி இன்னிக்கி ராத்திரியே காசு செலவில்லாம பண்ற வேலை கொஞ்சம் இருக்கு, அதை பண்ணாம ப்ராசஸர் மட்டும் மாத்தினா அந்த காசுல பாதி வீணாத்தான் போகும்.

லைவ் போடற சாஃப்ட்வேர் ஓபிஎஸ், அதோட ஸ்டாட்ஸ் பெட்டிய நீ எடுத்து அனுப்புன படத்துலயே முக்காவாசி பதில் இருக்கு. அந்த பெட்டில மூணு வரி வரும், மூணும் வேற வேற நோய். ரெண்டரிங் லேக்னா கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு முட்டுது, கேமே கார்ட முழுசா தின்னுடுது, ஓபிஎஸ்ஸுக்கு படத்த சேத்து வைக்க நேரம் கெடைக்கல. என்கோடிங் லேக்னா படம் ரெடி, ஆனா அதை வீடியோவா சுருக்கற வேலை பின்தங்குது. மூணாவது டிராப்டு ஃபிரேம்ஸ், நெட்வொர்க்குன்னு பக்கத்துலயே போட்டிருக்கும், அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்ல, உன் வீட்டு அப்லோடு பத்தல. உன் படத்துல ரெண்டரிங் சைபர், நெட்வொர்க் சைபர், என்கோடிங் மட்டும் 14 சதவீதம். அதே நேரத்துல கிராபிக்ஸ் கார்டு 55 சதவீதம்தான் வேலை பாக்குது. அப்ப கார்டு சும்மா ஒக்காந்திருக்கு, ப்ராசஸர் தலைல ரெண்டு ஆள் சுமை. டாஸ்க் மேனேஜர்ல ப்ராசஸர் 70 சதவீதம்தான காட்டுதுன்னு கேட்டிருந்த, அந்த நம்பர நம்பாத. அது 12 த்ரெட்டோட, அதாவது ப்ராசஸர் ஒரே நேரத்துல ஓட்டற 12 வேலை வரிசையோட சராசரி. கேமோட முக்கியமான வேலை ஒண்ணு ரெண்டு த்ரெட்லதான் ஓடும், அந்த ஒண்ணு முழுசா நெறஞ்சிட்டா மிச்சம் பத்து சும்மா இருந்தாலும் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன படம்) ஏறாது. இன்னும் சந்தேகம்னா கேம்ல ரெசல்யூஷன 720-க்கு எறக்கி பாரு. எஃப்பிஎஸ் அப்படியே நின்னா ப்ராசஸர்தான் தடுக்குது, ஏறிட்டா கார்டு.

இந்த மூணு வரிய பாக்காம செலவு பண்ணவங்கள நெறைய பாத்திருக்கேன். ஏற்காட்டுல ஒண்டிக்கடை பக்கம் ஒரு பையன், லைவ் கட்டாகுதுன்னு எட்டு கோர் ப்ராசஸரே வாங்கி போட்டுட்டான், அப்பவும் கட்டாகுதுன்னு போன் பண்ணான். கூலர் கோளாறா இருக்கும்னு நானும் ஒரு கூலர பையில போட்டுட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி போனேன். போயி ஸ்டாட்ஸ தொறந்தா மத்த ரெண்டும் சைபர், நெட்வொர்க் வரில 20 சதவீதத்துக்கு மேல. அவன் லைன்ல அப்லோடு 4 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல நிக்கவே இல்ல, அவன் 8000 பிட்ரேட்டுல, அதாவது 8 எம்பிபிஎஸ்ல தள்ளிட்டு இருக்கான். 720பி, 3000 பிட்ரேட்டுன்னு எறக்கி, ஓபிஎஸ் அட்வான்ஸ்டு செட்டிங்ல நெரிசலுக்கு ஏத்த மாதிரி பிட்ரேட்ட தானா மாத்தற ஆப்ஷன டிக் பண்ணிட்டு வந்தேன், அன்னிக்கே சரியாயிடுச்சு. பழைய ப்ராசஸர அதுக்குள்ள வித்துட்டான், அதுதான் எனக்கு மனசு கேக்கல.

உன் கேஸ் அது இல்ல. உன் ஓபிஎஸ் செட்டிங்ல என்கோடர் எக்ஸ்264-ன்னு இருக்கு, அதாவது வீடியோ சுருக்கற வேலைய ப்ராசஸரே செய்யுது. 1080பி 60-ன்னா ஒரு செகண்டுக்கு 60 முழு படம், ஒவ்வொண்ணையும் முன்னாடி படத்தோட ஒப்பிட்டு எது நகந்துச்சு எது நகரலன்னு கணக்கு போடணும். ஆறு கோர் ப்ராசஸர்ல கேமும் ஓட்டிட்டு இதையும் செய்னா எப்படி முடியும். ஆனா உன் 1660 சூப்பர்குள்ள இந்த வேலைக்குன்னே தனியா ஒரு பகுதி இருக்கு, அதுதான் என்வென்க். கேம் வரையற பகுதி வேற, இது வேற, அதனால இதை ஆன் பண்ணா கேமோட எஃப்பிஎஸ் கொஞ்சூண்டுதான் கொறையும். பழைய கார்டுல இதோட தரம் சுமாரா இருந்துச்சு, அந்த காலத்து பேச்சத்தான் இன்னும் சில பேர் பேசிட்டு இருக்காங்க. டூரிங் தலைமுறைல இருந்து நல்லாவே முன்னேறிடுச்சு, உன் கார்டு அந்த தலைமுறை, 2019-ல வந்தது. வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், சாதா ஜிடிஎக்ஸ் 1650-ல முதல்ல வந்ததுல பழைய என்வென்க்தான் இருந்துச்சு, 1650 சூப்பர்லயும் 1660 வகையறாலயும் புதுசு.

அதனால இன்னிக்கி ராத்திரி அவுட்புட் செட்டிங்ல என்கோடர என்வென்க்குக்கு மாத்து. ரேட் கண்ட்ரோல் சிபிஆர், கீஃபிரேம் 2 செகண்டு, ப்ரீசெட் பி5, லுக் அஹெட் வேண்டாம். யூட்யூப்புக்கு பிட்ரேட் 8000, 9000 வெச்சுக்கோ, உன் அப்லோடு நிதானமா 15 எம்பிபிஎஸ் கெடைக்குதுன்னா அது தாங்கும். இன்னொண்ணு, வாலரண்ட்ல எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு உச்சவரம்பு போடு, மானிட்டர் 144னா 144. அவுத்து விட்டா கார்டு 99-க்கு போயிடும், அப்பறம் ரெண்டரிங் லேக் வந்து நிக்கும். ஓபிஎஸ்ஸ ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்து தொற, கார்டுல அதுக்கு முன்னுரிமை கெடைக்கும்.

அடுத்தது ராம். நீ அனுப்புன கேபினெட் போட்டோவ பெருசாக்கி பாத்தேன், நாலு ஸ்லாட் இருக்கு, ரெண்டு ராமும் பக்கத்து பக்கத்துல சொருகி இருக்கு. அது தப்பு. அப்படி சொருகினா ரெண்டும் ஒரே சேனல்ல போயிடும், பாதி வழிய அடச்சு வெச்ச மாதிரி. ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் இருக்கணும், போர்டுல ஏ2, பி2-ன்னு எழுதியிருக்கும். அப்பறம் டாஸ்க் மேனேஜர்ல மெமரி ஸ்பீடு பாரு. ராம் மேல 3200-ன்னு ஒட்டியிருந்தாலும் பயாஸ்ல (போர்டுக்குள்ளயே இருக்கற செட்டிங் சாஃப்ட்வேர்) எக்ஸ்எம்பின்னு ராமோட முழு வேகத்துக்கான ஆப்ஷன ஆன் பண்ணாத வரைக்கும் 2133 இல்லன்னா 2400-லதான் ஓடும். ரைசன்ல உள்ளுக்குள்ள இருக்கற வழியோட வேகமும் ராம் வேகத்தோட சேந்துதான் ஏறும், அதனால இது சின்ன விஷயம் கெடையாது. 2600-ல 3200 நிக்காம அடம் பிடிச்சா 2933-ல வை, புது ப்ராசஸர் போட்டதும் 3200 தாராளமா ஏறும்.

இப்ப பஞ்சு. இதை எந்த வீடியோலயும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்க வீட்டுக்கு கீழ தறி ஓடல. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, அந்த பக்கம் எந்த வீட்டுக்கு போயி கேபினெட்ட தொறந்தாலும் கூலர் ஃபேன தூக்கி பாத்தா அடில அலுமினிய துடுப்பு மேல சாம்பக் கலர்ல பஞ்சு கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், நகத்தால ஒரு ஓரத்த பிடிச்சு உரிச்சா வட்டமா முழு தகடா வரும். மேல பாத்தா ஃபேன் சுத்தும், காத்து மட்டும் உள்ள எறங்காது. ப்ராசஸர் சூட்டுல வேகத்த தானா கொறச்சுக்கும். பிரஷ்ஷால முதல்ல பஞ்ச எடுத்துட்டு அப்பறம் ப்ளோயர் அடி, அடிக்கும்போது ஃபேன ஒரு விரலால பிடிச்சுக்கோ, காத்து வேகத்துல கண்டபடி சுத்த விட்டா பேரிங் போயிடும். கேபினெட்ட தரைல வைக்காத, பஞ்சு பூரா தரைலதான் உருளும், முட்டி ஒசர ஸ்டூல் மேல வை. உங்க வீட்டுக்கு இது மாசா மாசம் பண்ற வேலை.

வெயில் விஷயமும் இதோட சேந்தது. கூலர் என்ன பண்ணும், ரூம் சூட்டுக்கு மேல இத்தனை டிகிரின்னு நிறுத்தும், அவ்வளவுதான். ஏற்காட்டுல அந்த பையன் ரூம் 20 டிகிரி, அவன் ப்ராசஸர் லைவ்ல 64-ல நின்னுச்சு. சித்திரைல உன் மாடி ரூம் 38-னு வை, அதே ப்ராசஸர் அதே கூலர் 82-க்கு போகும். 5600-க்கும் 5700எக்ஸுக்கும் உச்சம் 90. பெட்டியோட வர்ற கூலர் குளிர்காலத்துக்கு ஓகே, உன் ரூமுக்கு 120 எம்எம் ஃபேனோட ஒரு சாதாரண டவர் கூலர் போட்டுக்கோ, தண்ணி கூலர் எல்லாம் இந்த ப்ராசஸருக்கு தேவையே இல்ல.

இதையெல்லாம் பண்ணதும் லைவ்ல கட் ஆகறது நின்னுடும்னு நான் தைரியமா சொல்லுவேன். ஆனா கேமோட எஃப்பிஎஸ் 2600-னால ஒரு அளவுக்கு மேல ஏறாது, அதுவும் ரோல்பிளே சர்வர்ல ஆள் கூட்டம் சேந்தா திணறும். அதுக்குத்தான் 5600.

ஏன் அதுவும் ஆறு கோர் இதுவும் ஆறு கோர்னு கேப்ப. தறி வீட்டுப் பையன், உனக்கு இப்படி சொன்னா புரியும். பத்து தறி போட்டா ஒரே நாள்ல பத்து தறிலயும் சேலை ஓடும், ஆனா ஒரு சேலை சீக்கிரம் முடியணும்னா பத்து தறி இருந்து என்ன பண்ண, அந்த ஒரு தறி வேகமா ஓடணும். கேம் அந்த ஒரு சேலை மாதிரி. அப்பறம் கேஷ், ப்ராசஸர்குள்ளயே இருக்கற சின்ன மெமரி. நாடால (ஓடத்துல) தார் (நூல் சுத்தின குச்சி) தீந்து போனா அடுத்த தார் கைக்கு எட்டற பெட்டில இருக்கணும், பக்கத்து ரூமுக்கு எந்திரிச்சு போயி எடுத்துட்டு வந்தா அது வரைக்கும் தறி நிக்கும். கேஷ் அந்த பெட்டி, ராம் பக்கத்து ரூம். உன் 2600-ல மொத்தம் 16 எம்பி, அதையும் மூணு கோருக்கு 8, மூணு கோருக்கு 8-ன்னு ரெண்டா பிரிச்சு வெச்சிருக்காங்க. 5600-ல 32 எம்பி, ஒரே பெட்டி, ஆறு கோரும் அதுலயே கை விடலாம். உச்ச வேகம் 3.9-ல இருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ். அது போக ஒரே வேகத்துல ஓடினாலும் 5600-ஓட தலைமுறையான ஜென் 3 ஒரு சுத்துக்கு அதிக வேலை முடிக்கும், அதுக்கு முந்தின ஜென் 2-வ விடவே சராசரியா 19 சதவீதம் கூடன்னு ஏஎம்டி சொன்னது, உன்னுது அதுக்கும் முந்தின ஜென் பிளஸ். இவ்வளவும் அதே 65 வாட் ரகத்துல வருது, அதனால உன் பவர் சப்ளையும் போர்டும் அப்படியே போதும்.

பேர்ல ஏமாந்துடாத. 5500-ம் 5600ஜி-யும் 5600 இல்ல, ரெண்டுலயும் கேஷ் 16 எம்பிதான். அதே மாதிரி எக்ஸ் இல்லாத வெறும் 5700-லயும் 16 எம்பி, 5700எக்ஸ்ல 32. கடைல "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு குடுப்பாங்க, பெட்டி மேல எழுதினத எழுத்து எழுத்தா படிச்சு வாங்கு. 5700எக்ஸ் எட்டு கோர், நல்ல ப்ராசஸர்தான், ஆனா கேம்ல 5600-க்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கண்ணுக்கு தெரியாது, அதோட கூலரும் வராது. நீ லைவ் முடிச்சு அதே மெஷின்ல வீடியோ எடிட்டிங்கும் பண்ற ஆள்னா அதுக்கு போ. 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி ரெண்டுலயும் கேஷ் 96 எம்பி, ரோல்பிளே மாதிரி கேமுக்கு அமிர்தம், ஆனா இப்ப புதுசா கெடைக்கறது கஷ்டம், பழசு வாங்கினா பில்லு கேளு, அடில இருக்கற பின் எதுவும் வளைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பக்கவாட்டுல பாரு. 1660 சூப்பருக்கு அவ்வளவு தேவையும் இல்ல.

ஏஎம்5 போகணும்னா டிடிஆர்5 ராம் மட்டும்தான் ஏத்துக்கும், உன் ராம் ஆகாது, போர்டும் புதுசு. 2025 கடைசில இருந்து ராம் விலை எகிறுன எகிறுக்கு இப்ப அந்த பக்கம் போறது உனக்கு நியாயமே இல்ல. பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கற அன்னிக்கி அதை யோசி. இன்டெல்ல பழசு தேடறவங்க 13, 14-ம் தலைமுறைல கைமாத்தி வாங்கினா கவனமா இருங்க, வோல்டேஜ் கோளாறுல அந்த ப்ராசஸர்கள் கெட்டுப் போச்சு, 2024-ல பயாஸ் வழியா திருத்தம் வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே அடி வாங்கினத அது சரி பண்ணாது.

சரி, மாத்தற வேலை. முதல்ல பயாஸ். பி450 2018-ல வந்தது, 5600 2022-ல வந்தது, பழைய பயாஸுக்கு இந்த ப்ராசஸர அடையாளமே தெரியாது. அதனால 2600 உள்ள இருக்கும்போதே பயாஸ ஏத்திடணும், கழட்டிட்டு அப்பறம் ஏத்தலாம்னு நெனச்சா ஸ்கிரீன் கருப்பாத்தான் இருக்கும். போர்டு கம்பெனி சைட்ல உன் மாடல், அதோட ரிவிஷன் நம்பர் வரைக்கும் பாத்து சிபியு சப்போர்ட் லிஸ்ட்ல 5600-க்கு நேரா எந்த வெர்ஷன்னு இருக்கோ அதை எடு. சில போர்டுக்கு நடுவுல ஒரு வெர்ஷன் ஏத்திட்டுதான் அதுக்கு போகணும், பக்கத்துலயே எழுதியிருப்பாங்க. பென்டிரைவ் ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணு. யுபிஎஸ் இல்லாம இதை தொடவே தொடாத. கொண்டலாம்பட்டில ஒரு வீட்டுல நான் ஏத்திட்டு இருக்கும்போது 60 சதவீதத்துல கரண்ட் போச்சு, திரும்ப வந்தப்ப ஃபேன் மட்டும் சுத்துது, படம் இல்ல. அந்த சின்ன சிப்ப புரோகிராமர்ல போட்டு மறுபடி எழுதி உயிர் குடுக்க நாலு நாள் ஆச்சு, அந்த நாலு நாளும் அந்த பையன் மூஞ்சிய பாக்க முடியல. மாசாந்திர பராமரிப்பு ஷட்டவுன் என்னிக்கின்னு பாத்துட்டு, தறி நிறுத்துன நேரமா பாத்து, யுபிஎஸ்ல போட்டு ஏத்து.

அப்பறம் விண்டோஸ்ல டிஸ்க பூட்டி வைக்கற பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன்ல இருக்கான்னு பாரு. இருந்தா ரிகவரி கீய ஒரு பேப்பர்ல எழுதி வை, இல்ல தற்காலிகமா நிறுத்தி வை. ப்ராசஸர் மாத்தின முதல் பூட்ல புது சிபியு, எஃப்டிபிஎம் (அந்த பூட்டோட சாவிய வெச்சிருக்கற பகுதி) ரீசெட் பண்ணட்டுமா, ஆமான்னா ஒய் (Y), வேண்டாம்னா என் (N) அமுக்குன்னு கருப்பு ஸ்கிரீன்ல கேக்கும், கீ கைல இல்லாம ஒய் அமுக்கினா டிஸ்க் பூட்டிக்கும்.

கழட்டறது. இதுல அவசரமே கூடாது. உன் போர்டோட சாக்கெட் ஏஎம்4, அதுல பின் எல்லாம் ப்ராசஸர்லயே இருக்கு, 1331 பின், தலைமுடி மாதிரி. சூட்ட கடத்த நடுவுல தடவுன பழைய பேஸ்ட் காஞ்சு ப்ராசஸர் கூலரோட ஒட்டியிருக்கும், நேரா மேல இழுத்தா லிவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் சாக்கெட்ட விட்டு பிச்சிட்டு வந்துரும். அதனால ஒரு கால் மணி நேரம் கேம் ஓட்டி சூடு பண்ணிட்டு, ஷட்டவுன் பண்ணி, வயர புடுங்கி, கேபினெட்ட படுக்க போடு. நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணு. கடைசி ஸ்க்ரூ வரும்போது போர்டுக்கு பின்னாடி இருக்கற தகடு கழண்டு விழும், ஒரு கைய பின்னாடி குடுத்து பிடிச்சுக்கோ. இப்ப கூலர தூக்காத, இடமும் வலமும் மெதுவா திருகு, ஜாடி மூடிய திருகற மாதிரி. பேஸ்ட் விட்டுக்குடுக்கறது கைக்கே தெரியும், அப்ப தூக்கு. லிவர நேரா நிமித்தினா ப்ராசஸர் தானா லூசாயிடும். புதுச வைக்கும்போது மூலைல இருக்கற தங்க முக்கோணமும் சாக்கெட் முக்கோணமும் ஒண்ணா வரணும், வெறும் கனத்துலயே உள்ள எறங்கணும், விரல வெச்சு அமுக்கற வேலையே இல்ல. எறங்கலன்னா எடுத்து மறுபடி பாரு. பெட்டி கூலர்ல பேஸ்ட் தடவியே வரும், அது மேல இன்னொரு தடவை தடவாத. டவர் கூலர்னா நடுவுல ஒரு பட்டாணி அளவு.

ஆன் ஆனதும் பயாஸ் போயி எக்ஸ்எம்பி மறுபடி ஆன் பண்ணு, பயாஸ் ஏத்தினா எல்லா செட்டிங்கும் அழிஞ்சிருக்கும். எஃப்டிபிஎம், செக்யூர் பூட் ரெண்டும் ஆன்ல இருக்கான்னு பாரு, விண்டோஸ் 11-ல அது இல்லன்னா வாலரண்ட் தொறக்காம எரர் அடிக்கும், ப்ராசஸர் கோளாறுன்னு பயந்துடுவ.

இன்னிக்கி என்வென்க்கும் ராமும் பஞ்சும் முடிச்சிட்டு, ஒரு மணி நேரம் ரோல்பிளே லைவ் போட்டு, முடிக்கற நேரத்துல ஸ்டாட்ஸ் பெட்டி மூணு வரியும், கார்டு யூசேஜும், ப்ராசஸர் சூடும் ஒரே படத்துல வர்ற மாதிரி எடுத்து அனுப்பு. போர்டு மாடல் ரிவிஷனோட எழுதி அனுப்பினா எந்த பயாஸ் வெர்ஷன்னு நானும் ஒருக்கா சரி பாத்து சொல்றேன், அதுக்கப்பறம் ப்ராசஸர் வாங்க கெளம்பு.